பெட்டி மேல் வெளிச்சம்

உங்கள் அலுவலகத்தில் தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றித் தருகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் மலைப்பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம், குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றுவோம். விளிம்பு வரை ஊற்றினால் 'இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். நாரின் நகரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் இதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. பரவாயில்லை, சூடாக இருக்கிறது.

நாளைக்கு என்னைச் சாரி-பெல் மேட்டுக்குக் கூட்டிப்போய், எங்கே நின்றேன், என்ன செய்தேன் என்று அங்கேயே காட்டச் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு அவசியமே இல்லாதபடி எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அதற்குப் பதிலாக என்னை அங்கே கூட்டிப் போகாதீர்கள். இன்னொன்று. இந்த அறையின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. வெயில் இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது, மெல்ல இறங்கி அந்த இரும்புப் பெட்டி மேல் வரும். அதற்கு முன்னால் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டால் நல்லது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

சேண வார் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

என் பெயர் எசென். ஆடும் குதிரையும் மேய்ப்பவன். மெதெர் என் அண்ணன். பூருல் அவர் மனைவி, என் அண்ணி. அவர்களுக்குக் குழந்தை இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே மூவரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். கோடையில் சாரி-பெல் மேய்ச்சல் மேட்டில் அம்மாவின் கம்பளிக் கூடாரத்தை அடிப்போம். பனி விழுமுன் ஊருக்கு இறங்குவோம்.

வீட்டுக்கு வந்த மருமகள் புருஷனோடு பிறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவளாக ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். அண்ணி எனக்கு வைத்த பெயர் 'பெரிய காது'. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே வைத்துவிட்டார். கேலி இல்லாமல் அவருக்கு ஒரு வாய் தேநீர் இறங்காது. "பெரிய காது, மலைக்கு அந்தப் பக்கம் நின்னாலும் உனக்கு நான் பேசுறது கேட்கும்ல? அப்புறம் வறட்டி கொண்டான்னு நான் கத்துனது மட்டும் எப்படிக் கேட்காமப் போச்சு?" என்பார். அண்ணனும் அதே ரகம். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்வார். அது விளையாட்டா நிஜமா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஒருவர் சொன்னால் சொன்னபடிதான் எனக்குப் புரியும்.

போன வருடம் கோடை முடிந்து இறங்கிய அன்று அண்ணி ஆற்றுத் துறையில் குதிரையிலிருந்து விழுந்தார். மந்தையை ஓட்டிக்கொண்டு அவர் முன்னால் போயிருந்தார். நான் கூடாரத்தைப் பிரித்து, சுமைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். பார்த்தால் மந்தை அக்கரையில் நிற்கிறது, அண்ணி இக்கரையில் கல்லில் தலை மோதிக் கிடக்கிறார். அவர் குதிரை எங்கள் மேட்டைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்கிறது. நான் அவரைத் தூக்கி என் குதிரையில் கிடத்தி, விழாமல் பிடித்துக்கொண்டே ஊர் வரை வந்தேன். ஊரார் இதை இன்னமும் சொல்வார்கள்.

கண் விழித்ததும் அவர் என்னை "எசென்" என்று கூப்பிட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற பெண்களெல்லாம் திகைத்துப் போனார்கள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அந்தக் கோடை முழுவதும் அவர் தலையிலிருந்து போயிருந்தது. அதற்கு முன்னாலும் ஆங்காங்கே ஓட்டை. "அவரு எங்க?" என்று அண்ணனைக் கேட்டார். அன்றைக்குக் காலையிலேயே மேல் கணவாய் வழியாக லாரி பிடித்து ருஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். எங்களுக்குள் ஒரு சண்டை, கோபத்தில் கிளம்பிவிட்டார் என்றேன். எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பது புதிதில்லை. எல்லோரும் நம்பினார்கள். அண்ணியும் நம்பினார்.

மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பொறுமையானவர். "இப்படிக் கட்டில்ல படுத்துக்கிட்டு யோசிச்சா வராதும்மா. பழகின இடத்துக்கெல்லாம் போங்க. அந்த இடத்துல நின்னா, அந்த வாசனை, அந்த வெளிச்சம், காலுக்குக் கீழ அந்தத் தரை, எல்லாம் சேர்ந்து தானா இழுத்துட்டு வரும்" என்றார். யார் கூட்டிப் போவீர்கள் என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். "இப்படி ஒரு கொழுந்தன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அந்தம்மா.

வேறு யாராவது கூட்டிப் போனால், ஞாபகம் வரும்போது அதை முதலில் கேட்பது அவர்களாக இருக்கும். நான் முதலில் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

குளிர்காலம் முழுக்கக் கூட்டிப் போனேன். எந்த இடம் முதலில், எது பிறகு என்பதை நானே முடிவு செய்தேன். அந்தக் கோடைக்கு வெகுதூரத்தில் இருந்த இடங்களாகப் பார்த்துத் தொடங்கினேன். அவர் பிறந்த வீட்டின் வாசல். அவர் சமையல் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து அடுக்களை. அடுக்களையில் பெரிய அண்டாவின் விளிம்பைத் தொட்டதும், "இதுல ஒரு தடவை பூனை விழுந்துச்சு, நாங்க யாருக்கும் சொல்லாமப் பரிமாறிட்டோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவர் நின்று, நெற்றியைச் சுருக்கி, வாயைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சந்தையில் தலைத்துணிக் கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "என்ன அண்ணி?" என்றேன். "இங்கதான் அவரு எனக்குப் பச்சைத் துணி வாங்கினாரு. இதைக் கட்டினா ஆடு மேய்ஞ்சிடும்னு சொன்னேன்" என்றார். அது பழைய கதை. நான் அவருக்கு ஒரு பச்சைத் துணி வாங்கிக் கொடுத்தேன்.

இளவேனிலில் ஒருநாள் நான் தொழுவத்தில் இருந்தபோது அண்ணி வாசலில் நின்று, "பெரிய காது, ரொட்டி கல்லாப் போறதுக்குள்ள வா" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "வந்துடுச்சு பாரேன், தானா வந்துடுச்சு" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பயம் இதுதான். அண்ணி ஆற்றைக் கடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார், அது நிச்சயம். மந்தை அக்கரையில் நின்றதே. திரும்பி மேடு வரை வந்து, பார்த்துவிட்டு, மறுபடி ஆற்றை நோக்கி ஓடும்போது விழுந்தாரா? அல்லது மேட்டுக்கு வரும் வழியிலேயே விழுந்துவிட்டாரா? குதிரை மேட்டைப் பார்த்து நின்றது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆள் விழுந்துவிட்டால் எந்தக் குதிரையும் தன் பழைய இடத்தைப் பார்த்துத்தான் திரும்பும். வந்துகொண்டிருந்தாரா, போய்க்கொண்டிருந்தாரா? ஒரு வருடம் நான் இதைத் தவிர வேறு எதையும் யோசித்ததில்லை. அவர் தலைக்குள் அதற்குப் பதில் இருந்தது, அவருக்கே தெரியவில்லை. அவருக்கு ரொட்டி பிட்டுக் கொடுக்கும்போதும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோடை வந்ததும் அண்ணி சாரி-பெல்லுக்குப் போகலாம் என்றார். நான் அங்கே புல் இல்லை என்று சொல்லி, இரண்டு மலைமுகடு தள்ளியிருக்கும் அக்-கியா சரிவுக்குக் கூட்டிப் போனேன். சாரி-பெல்லுக்குக் கூட்டிப் போக முடியாது. அங்கே அண்ணன் இருந்தார், அடுப்புக் குழிக்குக் கீழே.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள்.

அம்மாவின் கூடாரம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. தாய்வீடு கடைசிப் பிள்ளைக்கு. எங்கள் வழக்கமும் உங்கள் வழக்கமும் அதுதான். போன கோடை முழுவதும் அண்ணன் அதை ஏரிக்கரையில் சுற்றுலா முகாம் நடத்தும் ஒருவருக்கு விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் அதில் செருப்போடு படுப்பார்கள் என்றார். அம்மாவின் சிவப்புப் பெட்டியையும், அதன் மேல் அடுக்கும் மெத்தைகளையும் சேர்த்தே பேசிவிட்டதாகச் சொன்னார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. இறங்கும் நாளன்று காலை, அண்ணி மந்தையோடு கிளம்பிய பிறகு, அவர் பெட்டியடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, "இந்தப் பெட்டிக்கு மட்டும் தனியா ஒரு விலை கேட்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?" என்றார். கூடாரத்தின் உச்சி வளையத்தைத் தூக்கி நிறுத்தும் கவைக்கோல் என் கையில் இருந்தது, கூடாரத்தைப் பிரிப்பதற்காக எடுத்திருந்தேன். ஒரே அடி. அவர் உடனே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்புக் குழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்களுக்குப் புரியும். கூடாரத்தைப் பிரித்த பிறகு புல்லில் ஒரு வட்டம் இருக்கும், நடுவில் சாம்பல் இருக்கும். அந்தச் சாம்பலை எங்கள் ஆட்கள் யாரும் மிதிக்க மாட்டார்கள். தாண்டவும் மாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். குடிகாரன்கூடச் சுற்றித்தான் போவான்.

அக்-கியாவில் கூடாரத்தை மிகக் கவனமாக அடித்தேன். எங்களுக்கு இடம் என்பது மண் இல்லை, கூடாரத்தின் உள்பக்கம்தான். வாசலுக்கு எதிரே சிவப்புப் பெட்டி, அதன் மேல் மெத்தை அடுக்கு. நுழைந்தால் இடக்கைப் பக்கம் ஆண்களுக்கு, சேணமும் சாட்டையும். வலக்கைப் பக்கம் பெண்களுக்கு, பாத்திரமும், குதிரைப்பாலைப் புளிக்க வைக்கும் குமிஸ் தோல்பையும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கைநீட்டி எடுக்கலாம். அண்ணி உள்ளே வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். திருப்தியாகத்தான் தெரிந்தார். அவருக்கு இடமும் கிடைத்தது, அந்த மேடும் கண்ணில் படவில்லை என்று நினைத்தேன். சில நாள் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு காலை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"வெளிச்சம் தப்பா விழுது" என்றார்.

திறந்திருக்கும் உச்சி வளையம் வழியாக வரும் வெயிலை வைத்துத்தான் நாங்கள் நேரம் பார்ப்போம். சாரி-பெல்லில் எங்கள் வாசல் கிழக்கே பார்க்கும். காலை வெயில் நேராக எதிரே இருக்கும் சிவப்புப் பெட்டி மேல் இறங்கும். அக்-கியாவில் சரிவு தெற்கே. வாசலைச் சரிவைப் பார்த்து வைப்பதுதான் வழக்கம், நானும் அப்படியே வைத்தேன். அதனால் அதே நேரத்தில் வெயில் இடப்பக்கம் சேணத்தின் மேல் போய் விழுந்தது. எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

"பால் கறந்துட்டு நான் உள்ள வரும்போது பெட்டி மேல வெயில் இருக்கும். அதுக்குக் கீழ அவரு உட்கார்ந்திருப்பாரு. இங்க வெயில் சேணத்து மேல கிடக்கு. என் தலைக்குள்ள யாரோ சாமானை மாத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலையெல்லாம் விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரியான இடம் செய்யாததைத் தப்பான இடம் செய்துகொண்டிருந்தது.

சாரி-பெல்லுக்குக் கீழே ஆற்று வளைவில் எங்கள் அண்டைக்காரர் உம்சுனாய் அக்காவின் கூடாரம். எங்களைப் பார்க்கக் குதிரையில் வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என் மேல் பாய்ந்தார். "ஏன்டா, பொம்பளை ஒரு வருஷமாத் தவிக்கிறா, நீ ரெண்டு மலை தள்ளிக் கூடாரத்தை நட்டுட்டு ஞாபகம் வரட்டும்ங்கிற? சாரி-பெல்லுல இடுப்பு உயரம் புல்லு நிக்குது. உனக்குக் காதுதான் பெருசு, கண்ணு அவிஞ்சு போச்சா?" அண்ணி சிரித்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது மறுப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? மறுத்தால் அக்காவே கூட்டிப் போய்விடுவார். சரி என்றேன்.

புல்லில் பழைய வட்டம் அப்படியே இருந்தது. நடுவில் சாம்பல் இருந்த இடம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. மழையால் என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மூன்று பேருமாகக் கூடாரத்தை எழுப்பினோம். கவைக்கோலால் உச்சி வளையத்தைத் தூக்கிப் பிடித்தது நான். அது எப்போதும் ஆண் செய்யும் வேலை. சாம்பலை மிதிக்காமல் அதன் விளிம்பை ஒட்டி நின்றுதான் தூக்க வேண்டும். நான் ஒதுங்கி நின்று தூக்கினேன், கோணலாகப் போனது. "நேரா நில்லுடா, குடிச்சிருக்கியா?" என்றார் உம்சுனாய் அக்கா.

பழைய இடத்துக்குத் திரும்பினால் இறந்தவர்களுக்கு வாசனை போகட்டும் என்று எண்ணெயில் மாவு பொரிப்பது எங்கள் வழக்கம். அண்ணி அந்தக் குழியிலேயே நெருப்பு மூட்டிச் சட்டியை ஏற்றினார். மாமியார் பெயரைச் சொல்லி முதல் துண்டைப் போட்டார். பிறகு, "அவரு எங்க இருக்காரோ, இந்த வாசனை அவருக்கும் போகட்டும்" என்றார்.

உம்சுனாய் அக்கா அவர் கையில் ஒரு அடி வைத்தார். "வாயைக் கழுவு. உயிரோட இருக்கிறவனுக்கு யாராவது இதைச் செய்வாங்களா?"

"தூரத்துல இருக்காருல்ல அக்கா, மூக்கு நீளமான மனுஷன், பிடிச்சுடுவாரு."

நான் வெளியே வந்துவிட்டேன். அண்ணியின் சேணம் வெளியே கட்டையில் கிடந்தது. கத்தியை எடுத்து வயிற்றுவாரின் உள்பக்கத்தில் பாதி ஆழம் அறுத்தேன். மேட்டிலிருந்து அக்காவின் கூடாரத்துக்குப் போகும் பாதை பள்ளத்தின் ஓரமாகவே இறங்குகிறது, நீங்களே பார்த்தீர்கள். அங்கே சரிவில் குதிரை குலுங்கி இறங்கும்போது வார் தாங்காது. ஆனால் இதைக் கவனியுங்கள். அண்ணிக்கு ஒன்றும் ஞாபகம் வராவிட்டால் வாரை மாற்றிவிடுவதாக நான் முடிவு செய்திருந்தேன். அதற்காகப் புது வார் ஒன்று என் பையில் வைத்திருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும், ஆள் அனுப்பிப் பாருங்கள். நான் யாரையும் வீணாகக் கொல்கிறவன் இல்லை.

அக்கா அன்று மாலையே தன் கூடாரத்துக்கு இறங்கிவிட்டார். மறுநாள் காலை அண்ணி பால் கறந்துவிட்டு உள்ளே வந்தார். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெயில் கூரையிலிருந்து மெத்தை அடுக்குக்கு இறங்கியது, பிறகு சிவப்புப் பெட்டிக்கு வந்தது. அண்ணி கையில் பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

"உறை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"குமிஸுக்கு உறை எடுத்துக்க மறந்துட்டேன். ஆத்தைத் தாண்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஊருக்குப் போய் யாருகிட்டக் கை நீட்டுறதுன்னு திரும்பினேன். இந்தக் கரை ஏறும்போது குதிரை கல்லுல வழுக்குச்சு. அவ்வளவுதான். வானம் தெரிஞ்சுது." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். "ஒரு கரண்டி உறைக்காக என் மண்டையை உடைச்சுக்கிட்டேன் பாரு."

வந்துகொண்டிருந்தார், மேட்டை எட்டவே இல்லை. எதையும் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் வாரை மாற்றியிருக்க வேண்டும். எழ முயன்றேன். ஆனால் அண்ணிக்கு அது நிற்கவில்லை. மடை திறந்தது மாதிரி வந்துகொண்டே இருந்தது. பெட்டியடியில் அண்ணன் உட்காரும் இடத்தைக் காட்டி, "அன்னிக்கு விடியக்காலம் அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கூடாரத்தை விக்கிறதெல்லாம் சும்மாவாம். அது சின்னவனுக்குத்தான், எங்கம்மா பேச்சு அதுன்னாரு. ஊருக்கு இறங்கினதும் ஒரு ஆட்டை வெட்டி, எல்லாரையும் கூப்பிட்டு உன் கையில குடுக்கிறதா இருந்தாரு. பாவம், இப்பவே சொல்லிடுங்கன்னேன். அவன் ஒண்ணும் பேசாம மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான் பாரு, இன்னும் கொஞ்ச நேரம் வேகட்டும்னாரு" என்றார்.

நான் முன்பே சொன்னேன், எனக்குச் சொன்னது சொன்னபடிதான் புரியும்.

"நீ வேற அவரைக் கோபப்படுத்தி ருஷ்யாவுக்கு அனுப்பிட்ட. வரட்டும், ரெண்டு பேரையும் வெச்சுக்கிறேன்" என்றார். பிறகு பெட்டியடியில் போய், அண்ணன் உட்காருவது மாதிரியே காலை மடக்கி உட்கார்ந்து, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அண்ணனைப் போலவே கூப்பிட்டார். "குலுன், டீ ஆறுது பாரு."

குலுன் என்றால் குதிரைக்குட்டி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தவழும்போதிருந்து அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெயில் பெட்டி மேல் இருந்தது, சாம்பலும் பாலும் கலந்த அந்த வாசனை இருந்தது, காலுக்குக் கீழே அந்தத் தரை இருந்தது. டாக்டரம்மா சொன்னது சரிதான். தானாக இழுத்துக்கொண்டு வந்தது.

கேட்கிறீர்கள் அல்லவா, அண்ணன் உடனே போய்விட்டாரா என்று. ஒரு வருடம் முழுக்க, உடனே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. மண் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது, அது கூடாரக் கம்பளியில் காற்று அடித்த சத்தம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை காற்றே இல்லை. இடுப்பு வரை மண் போட்டிருந்தேன். அண்ணன் கண்ணைத் திறக்காமல் "குலுன்" என்றார். கோபமாக இல்லை. தூக்கத்தில் தண்ணீர் கேட்பாரே, அப்படி. நான் பதிலும் சொன்னேன். எப்போது கூப்பிட்டாலும் சொல்வேனே, அந்தப் பதில்தான். "இருண்ணே" என்றேன். சொல்லிவிட்டு மண் போட்டேன்.

இதற்கப்புறம் அதிகமில்லை. அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உம்சுனாய் அக்காவிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்றார். அண்ணனுக்கும் எப்படியாவது சொல்லியனுப்ப வேண்டும், கூடாரத்தைச் சின்னவனிடம் கொடுத்தாயிற்று என்று சொன்னால் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்துவிடுவார் என்றார். பச்சைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டார். நான் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். சேணம் போட்டேன். வயிற்றுவாரை இழுத்துக் கட்டினேன். அண்ணிக்கு எப்போதும் நான்தான் கட்டிவிடுவேன், வீட்டில் இளையவன் செய்ய வேண்டிய மரியாதை அது. ஏறும்போது சேணத்தின் கால்வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். "பெரிய காது, அழுதுட்டியா நீ?" என்று குனிந்து பார்த்தார். "போயிட்டு வாங்க அண்ணி" என்றேன்.

வாரைப் பற்றி அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். பள்ளத்திலிருந்து அவர் உடலை எடுத்தது நீங்கள்தான்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அவர் எதையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம் நான் எதற்காக அந்த வாரோடு அவரைப் போகவிட வேண்டும்? என் தலையில் அண்ணனின் குரல் இருந்தது, வேறெதற்கும் இடமில்லை. புது வார் என் காலடியிலேயே பையில் இருந்தது. மறந்துதான் போனேன். அண்ணனைத் தேடத் தொடங்கிவிடுவாரே என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசித்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது எல்லாம் வந்துவிட்டது. குழி எங்கே என்று சொல்லிவிட்டேன், கவைக்கோல் கூடாரத்தில்தான் இருக்கிறது, கத்தியை நீங்களே எடுத்துவிட்டீர்கள். நாளைக்கு நான் அங்கே வர வேண்டிய அவசியம் இல்லை. கூடாரம் இன்னும் நிற்கிறது என்கிறீர்கள். காலையிலேயே கிளம்பிவிடலாம் என்கிறீர்கள். ஐயா, அந்த நேரத்தில் வெயில் பெட்டி மேல் இருக்கும். அந்த வாசலில் நின்றால், குதிரையின் வயிற்றில் வாரை இழுத்துக் கட்டியபோது என் விரலுக்கு அந்த அறுத்த இடம் தட்டுப்பட்டதா இல்லையா என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

வெளிச்சம் இறங்கிவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.